எல்லாப் பாடத்துக்கும் ஓர் அண்ணன்

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் எந்தச் சந்தில் நுழைந்து "நோட்ஸ் அண்ணன் வீடு எது?" என்று கேட்டாலும் யாராவது கை காட்டிவிடுவார்கள். அவர் பெயரை மட்டும் கேட்கக் கூடாது, தபால்காரருக்கே சந்தேகம். ராயபுரத்துக்கு ஒருவர், காசிமேட்டுக்கு ஒருவர், எண்ணூர் கத்திவாக்கத்துக்கு ஒருவர் என்று வடசென்னை முழுக்க இவர்கள் உண்டு. ஆள்தான் வேறு, வார்ப்பு ஒன்றுதான். முச்சந்திப் பிள்ளையாருக்கும் இவருக்கும் ஒரே சீசன். மார்ச் மாதம் கூட்டம் அம்மும். கடைசிப் பரீட்சை முடிந்த மாலையோடு ஒரு காக்காய் எட்டிப் பார்க்காது.

நான் சொல்லவந்த அண்ணனுக்கு வயது முப்பத்துச் சொச்சம். பி.காம். முடித்தவர். ஒரு பேப்பர் இன்னும் நிற்கிறது என்று அவர் அம்மா சொல்வார். அவர் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். மணலிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட். மிச்ச நேரமெல்லாம் குரூப் ஃபோருக்குப் படிக்கிறார். 'படிக்கிறார்' என்பது தெரு வழக்கு. நான் பார்த்தவரை அவர் எதையும் படித்ததில்லை, எழுதிக்கொண்டே இருப்பார்.

கட்டிலுக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள். அம்மா காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவந்து, விரிசல் விட்டதும் ஓய்வு கொடுத்தவை. அவற்றில்தான் பத்தாம் வகுப்பு அறிவியல், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல், பொருளியல், இந்திய அரசியலமைப்பு, வீட்டில் யாருமே படிக்காத விலங்கியல் எல்லாம் அடுக்கியிருக்கும். எல்லா நோட்டிலும் லேசாகச் சங்கரா மீன் வாடை அடிக்கும். விலங்கியலுக்கு அது பொருத்தம். அரசியலமைப்பைத்தான் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்க வேண்டும்.

எழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைப்பு சிவப்பு, துணைத் தலைப்பு பச்சை, வருஷங்கள் கட்டத்துக்குள். அடிக்கோட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒற்றைக் கோடு என்றால் ரெண்டு மார்க், இரட்டைக் கோடு அஞ்சு மார்க், அலைக்கோடு என்றால் 'கட்டாயம் வரும்'. ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஒரு அலை. வருஷம் போகப் போக, எதை விட்டால் எது வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லா வரிக்கும் கீழே அலை எழும்பிவிட்டது. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐப்பசி மாதக் காசிமேட்டுக் கடல்தான்.

முன்பெல்லாம் ஜெல் பேனாவில் எழுதியவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது ஒரு பெட்டி முழுக்க நனைந்தது. வெயில் வந்ததும் தாள் தாளாகப் பிரித்து, கொடியில் லுங்கிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவைத்தார். ஜெல் பேனா எழுதியதெல்லாம் வானவில்லாகக் கரைந்திருக்க, மூன்று ரூபாய் பால்பாயிண்ட் எழுதியது மட்டும் அப்படியே நின்றது. அன்று முதல் பால்பாயிண்ட்தான். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அதே வாரத்தில், விளிம்பில் கறுப்பு ஏறிய ஒரு தாளில் புதிதாக ஒரு தலைப்பு எழுதினார்: 'எண்ணெய்க் கசிவு – காரணங்கள், விளைவுகள், தடுக்கும் முறைகள்.' கீழே அலைக்கோடு. எழுதி முடித்த பிறகுதான் கால் கழுவப் போனார்.

தமிழனுக்கு நோட்ஸ் புதிதில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் போட்ட உரை எத்தனை தலைமுறையைக் கரையேற்றியது என்று சொல்லத் தேவையில்லை. 'கோனார்' என்றாலே நோட்ஸ் என்று ஆகிப்போனது. அதற்கும் சில நூற்றாண்டு முன்னால் பரிமேலழகர் குறளுக்குச் செய்ததும் இந்த வேலைதான், ஜெராக்ஸ் கடை இல்லாத குறை ஒன்றுதான். நம் அண்ணன் நச்சினார்க்கினியர் பரம்பரை. அந்த உரையாசிரியர், எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்துவந்து வேறெங்கோ இருக்கும் சொல்லோடு 'மாட்டு' என்று பொருத்திவிடுவார் என்று புலவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அண்ணனும் அப்படித்தான். கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்தாலும் காதைப் பிடித்து இழுத்துவந்து, தனக்குத் தெரிந்த பதிலோடு மாட்டிவிடுவார். 'ஒளிச்சேர்க்கை பற்றிக் குறிப்பு வரைக' என்று கேட்டாலும் அவர் பதில் பசுமைப் புரட்சியில்தான் முடியும்.

நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு பிளஸ் ஒன் பெண் இருப்பாய்வு புரியவில்லை என்று வந்திருந்தாள். புத்தகத்துக் கணக்கு பிள்ளைகளுக்கு ஒட்டாது என்பது அண்ணனின் கொள்கை. அதனால் அம்மாவின் அன்றைய வியாபாரத்தையே கணக்காக எழுதினார். ஏலத்தில் எடுத்த மீன் இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு, விற்றது இவ்வளவு, சுருக்குப் பையில் எண்ணிப் பார்த்த ரொக்கம் இவ்வளவு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கூட்டினார். ஐம்பது ரூபாய் இடித்தது. மறுபடி கூட்டினார். அந்த ஐம்பது அசையவில்லை. "இதுலதாம்மா சூட்சுமமே இருக்கு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மூன்றாவது முறையாகக் கூட்ட ஆரம்பித்தார்.

வாசலில் உட்கார்ந்து வவ்வால் மீனை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஐஸுக்குக் குடுத்த அம்பது ரூபா பையில இல்ல, சரி. அத்த செலவுல எழுதினியாடா?"

அண்ணன் எழுதவில்லை. ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்தார். பிறகு பச்சை மையில் 'சரிக்கட்டுப் பதிவு' என்று தலைப்புப் போட்டு, ஐஸை உள்ளே சேர்த்து, அலைக்கோடு இழுத்தார். "நோட் பண்ணிக்கம்மா. இது கட்டாயம் வரும்."

"வரும் வரும், நாளைக்கும் ஐஸ் வாங்கணும்ல" என்றார் அம்மா.

அண்ணன் வாழ்க்கையே மார்க் கணக்கில்தான் ஓடுகிறது. எதிர்வீட்டு ஆயா, "ஏங்கண்ணு, எப்பதான் கண்ணாலம் கட்டிக்கப் போற?" என்று கேட்டால், "அது எட்டு மார்க் கேள்வி ஆயா. எனக்கு இப்ப ரெண்டு மார்க்குக்குத்தான் டைம் இருக்கு" என்று சைக்கிளை மிதிப்பார். டீக்கடையில் யாராவது அரசியல் பேசினால் 'முன்னுரை நீளம்' என்பார்.

குரூப் ஃபோரில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழிலிருந்து. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 2018இல் பாடத்திட்டம் மாறிப் புதுப் புத்தகங்கள் வர ஆரம்பித்தபோது அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியோடு எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போகவேண்டியதுதான் என்று துக்கம் கொண்டாடினார். பிறகு பழைய புத்தகத்திலிருந்தும் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, உயிர் வந்தது. இப்போது 'பழைய புக்', 'புது புக்' என்று இரட்டைக் குடித்தனம்.

சுருக்குவது அவருக்கு ஒரு வெறி. நானூறு பக்கப் புத்தகத்தை எண்பது பக்கம் ஆக்குவார். எண்பதைப் பன்னிரண்டு. பன்னிரண்டை ஒரு சார்ட். அந்தச் சார்ட்டையும் சுருக்கி, சுவரில் கரித்துண்டால் மூன்றே எழுத்து எழுதியிருந்தார்: 'செ.எ.தூ.' பெருக்க வந்த அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாருடா அது? நல்ல குடும்பமா?" என்று கேட்டாராம். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி: தமிழ்நாட்டின் மூன்று பெருந்துறைமுகங்கள். மொட்டை மாடிக்குப் போனால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் ராத்திரி தூங்க விடாது. ஆனாலும் மறந்துவிடக் கூடாதே என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறார்.

நோட்டை இரவல் வாங்கிப் போகிறவர்கள் "நாளைக்கே தந்துடுறேண்ணா, சத்தியமா" என்பார்கள். ஒற்றியூரில் சத்தியத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார், மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், பார்வை போயிற்று. தியாகராஜர் கோயிலில் மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது, சரியாகப் பரீட்சை நெருங்கும் நேரத்தில். அதனால் அண்ணன் விடமாட்டார்: "மகிழ மரத்துமேல சத்தியமா?" பிள்ளைகளும் பயமில்லாமல் தலையாட்டுவார்கள். இதுவரை யாருக்கும் பார்வை போகவில்லை. நோட்டுதான் போனது, பத்தொன்பது.

ஆகவே ஜெராக்ஸ். பக்கத்துக்கு ஒரு ரூபாய், மொத்தமாக எடுத்து அண்ணன் பேரைச் சொன்னால் குறைப்பார்கள். மைக்ரோ ஜெராக்ஸுக்கு மட்டும் அவர் ஜென்ம விரோதி. பிட் அடிப்பது பாவம் என்பதற்காக இல்லை. "என் எழுத்த எறும்பாக்காதீங்கடா" என்பதுதான் அவர் வருத்தம்.

பிறகு செல்போன் வந்தது. எவனோ ஒரு பையன் இந்திய வரலாறு நோட்டை, பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி, படம் படமாக எடுத்து பி.டி.எஃப். ஆக்கி டெலிகிராமில் விட்டான். அது எந்தெந்த ஊரோ சுற்றி, எட்டு மாதம் கழித்து ஏதோ ஒரு அகாடமியின் முத்திரை குறுக்கே விழ, அண்ணனுக்கே வந்து சேர்ந்தது. 'பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே' என்ற வாசகத்தோடு. அண்ணன் முத்திரைக்குக் கீழே தெரிந்த எழுத்தை அடையாளம் கண்டாரா? இல்லை. மூன்று பக்கம் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "பரவால்ல, எவனோ நல்லாத்தான் எழுதிருக்கான்" என்றார். புது நோட்டைப் பிரித்து அதிலிருந்து நோட்ஸ் எடுக்க உட்கார்ந்துவிட்டார். பதினொன்றாவது பக்கத்து ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் பேனா நின்றது.

கோபம் வந்ததா என்று கேட்டேன். "அலைக்கோட்ட அழிக்காம விட்டானே, அது போதும்" என்றார்.

போன மாதம் ராயபுரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். திருவொற்றியூர் போகக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்றுகொண்டிருந்தோம். கூட ஒரு பள்ளிப் பையன், தோளில் அவருடைய நோட்டு இரண்டு. அண்ணனுக்கு இடம் கிடைத்தால் போதாதா? பழைய கட்டடத்துத் தூண்களைக் காட்டி ஆரம்பித்துவிட்டார். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853, பம்பாயிலிருந்து தாணா. தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856 ஜூலை 1, இதே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் நாட்டிலேயே பழையது இது. "வருஷத்தக் கட்டத்துக்குள்ள போட்டுக்க. தேதியையும் கேப்பான். எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்குன்னும் கேப்பான்." பையன் நோட்டைத் தூணில் வைத்து எழுதினான். நானும்கூடக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் ஒரு ஹாரன் அடித்து ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் வண்டியின் கடைசிப் பெட்டி வண்ணாரப்பேட்டைப் பக்கம் வளைந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அடுத்த வண்டி எத்தன மணிக்குண்ணா?" என்றான் பையன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"அது சிலபஸ்ல இல்லடா."