புறங்காட்டும் விளக்கு: சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் பேட்டரி லைட்டு பிடிக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அகலுக்குப் புலவர் உண்டு. குத்துவிளக்குக்குப் பூவும் குங்குமமும் உண்டு. பேட்டரி லைட்டுக்கு மட்டும் நாதியில்லை. ஆணியில் தொங்கும், கரண்டு போனால் நினைவுக்கு வரும், வந்தால் மறந்துபோகும். இந்த நன்றிகெட்ட நிலையை மாற்றும் நோக்கில் எழுந்தது இந்த ஆய்வு. இதற்கு நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. வீட்டில் எதிர்ப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

இட எல்லை சித்தூர் முதல் திருப்பதி வரை, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனதும் சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்ததும் 1960 ஏப்ரல் 1. இரண்டும் ஏப்ரல் முதல் தேதி என்பதில் இவ்வாய்வாளர் உட்பொருள் எதையும் காணவில்லை. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4. மூன்று நாள் பொறுத்த நிதானம் பாராட்டத்தக்கது.

கால எல்லை என் தாத்தா கையில் மூன்று கட்டை லைட்டு இருந்த நாள் முதல் என் பேரன் கையில் செல்போன் இருக்கும் இந்நாள் வரை. கருதுகோள் ஒன்றே: லைட்டின் தரம் அது எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதில் இல்லை, எந்தப் பக்கம் பிடிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

2. பெயராய்வு

நியூயார்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த கைவிளக்குக்கு 1899 ஜனவரி 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 6,17,592. அதைக் கடைக்குக் கொண்டுவந்தது கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம். பின்னாளில் எவரெடி என்று பெயரெடுத்தது அதுதான். அன்றைய மின்கலத்துக்குச் சோகை. தொடர்ந்து எரிய விட்டால் படுத்துவிடும் என்பதால் விட்டு விட்டுத்தான் மினுக்க வேண்டும். எனவே அமெரிக்கர் அதை மின்னும் விளக்கு என்றார்கள். பிரிட்டிஷார் தீவட்டியைக் குறித்த பழைய சொல்லையே அதற்கும் சூட்டினார்கள். நாம் ஆளப்பட்டது பிரிட்டிஷாரால் என்பதால் நமக்கு வாய்த்தது 'டார்ச்'. ஆகவே சாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவரும் சினிமாக் கொட்டகையில் சீட்டு காட்டுபவரும் சொல்லாராய்ச்சிப்படி ஒரே குலம். இருவருமே பிறருக்கு வெளிச்சம் பிடிப்பவர்கள் என்பதைக் குறித்துக்கொள்க.

உள்ளே போடும் மின்கலத்துக்கு ஊரில் 'கட்டை' என்று பெயர். கட்டை என்பது விறகிலும் உண்டு, சங்கீதத்திலும் உண்டு. பாடகருக்கு ஐந்து கட்டை பெருமை. லைட்டுக்கும் அதுவே பெருமை. கட்டைவிரல் என்ற சொல்லும் உண்டு. என் தாத்தாவின் வலது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. காளை மிதித்துவிட்டது என்பார். அது இந்த ஆய்வுக்குத் தொடர்பற்றது.

வினைச்சொல்லில்தான் நுட்பம். தமிழில் லைட்டை 'அடிக்கிறோம்'. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் 'லைட் வெய்யி' என்பார். அதாவது போடச் சொல்வார். எங்கள் தெருவில் இரண்டும் நடக்கும். ஆனால் தமிழில் இன்னொரு வினையும் இருக்கிறது: 'காட்டு'. பாட்டி ஒருநாளும் "லைட்டு அடி" என்று சொன்னதில்லை. "காலுக்குக் கொஞ்சம் காட்டுடா" என்பாள். தூரத்து உருவத்தின்மேல் பாய்ச்சினால் அடி. பக்கத்தில் இருப்பவர் காலடியில் விழச் செய்தால் காட்டு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இலக்கண ஆசிரியர்கள் இதைக் கவனிக்காததற்கு அவர்கள் காலத்தில் கரண்டு போகாததே காரணம்.

3. வகைப்பாடு

இரண்டு கட்டை: வீட்டு லைட்டு. கொல்லைப்பக்கம் போக, பரண்மேல் எலி தேட, கிணற்றில் விழுந்த வாளி பார்க்க. டென்ட் கொட்டாயில் படம் தொடங்கிய பிறகு வருபவர்களை மணல் தரைக்கு நடத்திச் சென்றதும் இதுவே.

மூன்று கட்டை: குடும்பத் தலைவர் லைட்டு. நிலக்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டவும், ராத்திரி கரண்டுக்கு மோட்டார் போடவும். 2004-இல் ஆந்திர அரசு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தந்தது. நாளொன்றுக்கு 7 மணி நேரம் என்பது பேச்சு. அதில் ஒரு பங்கு ஊர் தூங்கும் நேரத்தில் வந்தது. மின்சாரம் இலவசம், அதைப் போய்ப் பிடிக்கக் கட்டைக்குக் காசு.

ஐந்து கட்டை: அந்தஸ்து லைட்டு. மாந்தோப்புக் குத்தகைக்காரர், ஊர்ப் பெரிய மனிதர் கையில் இருக்கும். ஒரு கட்டையின் நீளம் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஐந்தை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஓர் அடி. லைட்டு 'அடி' என்ற வழக்கு இதிலிருந்து வந்தது என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. இந்த லைட்டு எரியாதபோதும் உபயோகமானது. நாய் அதைக் கம்பு என்றே நினைக்கும். கௌண்டின்ய சரணாலயத்தை ஒட்டிய பலமனேர், குப்பம் பக்கத்துக் கொல்லைகளில் யானை வந்தால் மட்டும் எத்தனை கட்டை இருந்தாலும் ஒரு கட்டை குறைவுதான்.

மூன்று வகைக்கும் பொதுவானவை: சறுக்கும் சுவிட்சு; பக்கத்தில் மினுக்குவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான்; திருகினால் வட்டத்தைச் சுருக்கி விரிக்கும் தலை; அடிமூடிக்குள் சுருள்கம்பியோடு ஒளிந்திருக்கும் உபரி பல்பு. அந்த உபரி பல்பு இருப்பது பல்பு போன அன்றைக்கு யாருக்கும் நினைவு வராது.

4. கட்டையின் வாழ்வியல்

கட்டை ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட்டு. அதன் துத்தநாக உடம்பே எதிர்முனை. எரிய எரிய உடம்பே கரைகிறது. தன்னை உருக்கி ஒளி தருவதாக மெழுகுவத்திக்குக் கவியரங்கத்தில் கிடைத்த மரியாதையில் நூறில் ஒரு பங்குகூடத் துத்தநாகத்துக்குக் கிடைக்கவில்லை.

முதல் பருவம் வெள்ளை. இரண்டாம் பருவம் மஞ்சள். மூன்றாம் பருவம் பழுத்த செம்மை; அப்போது லைட்டு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் தாத்தா கட்டைகளை வெளியே எடுத்து, வடகத்தோடு மொட்டைமாடி வெயிலில் வைப்பார். மூடநம்பிக்கை என்று நினைத்தேன். உண்மையில் ஓய்வும் சூடும் சேர்ந்தால் உள்ளே நின்றுபோன வேதிவினை கொஞ்ச நேரம் மறுபடி நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் திண்ணையில் வெயில் காய்ந்துவிட்டு மாலையில் திடீரென்று அரசியல் பேசுவது போல.

அதற்கும் மசியாத கட்டை சுவர்க் கடிகாரத்துக்குப் பதவி இறங்கும். பல்பு கேட்கும் மின்சாரத்தில் சிறு துளி போதும் கடிகாரத்துக்கு. ஆறு மாதம் ஓடும். அங்கும் செத்தபின் எங்களிடம் வரும். கல்லில் உடைத்தால் நடுவில் கரிக்குச்சி. அதைக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரில் ஸ்டம்பு வரைந்தோம். ஒரு கட்டையில் ஒரு குடும்பத்துக்கு வெளிச்சமும் நேரமும் கிரிக்கெட்டும் கிடைத்த பொற்காலம் அது.

எடுக்க மறந்த கட்டையோ உள்ளேயே ஓட்டை விழுந்து ஒழுகி, சிமெண்டு மாதிரி இறுகிவிடும். எங்கள் வீட்டு இரண்டு கட்டை லைட்டு அப்படித்தான் முடிந்தது. அப்பா வாசற்படியில் தட்டித் தட்டிப் பார்த்தார். வாசற்படி பெயர்ந்தது, கட்டை பெயரவில்லை.

5. பிடிக்கும் முறைகள்

இதுவே ஆய்வின் மையம். ஒற்றையடிப் பாதை, ஆறு பேர், லைட்டு ஒன்று. யார் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது?

முன்னோக்கு முறை: முன்னால் போகிறவர் முன்னாலேயே அடித்துக்கொண்டு போவது. பயன் பெறுவோர் ஒருவர். மற்ற ஐவருக்கும் கிடைப்பது அவருடைய முதுகு.

கடைநிலை முறை: கடைசியில் வருபவர் அடிப்பது. பார்வைக்குத் தியாகம் போலத் தோன்றும். ஆனால் ஐவர் நிழலும் ஐவர் காலடியில் விழும். பள்ளம் எது, பெரியப்பா எது என்று தெரியாது.

மூன்றாவது என் தாத்தா கையாண்டது. அதற்குப் புறங்காட்டு முறை என்று பெயரிடுகிறேன். போரில் புறங்காட்டுவது தமிழனுக்கு இழுக்கு; லைட்டில் அதுவே அறம்.

1974 புரட்டாசியில் அலிபிரியிலிருந்து நடந்து திருமலை ஏறினோம். படிகள் ஏறக்குறைய 3,550. பாதை விளக்கு எரிந்த இடத்தில் தாத்தா லைட்டை அணைப்பார், கட்டை மிச்சம். இருட்டு வந்ததும் முன்னால் போய்விடுவார். வலது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை உள்ளே மடித்து, தலைகீழாகப் பிடிப்பார். பெருவிரல் சுவிட்சின் மேலேயே இருக்கும். வட்டம் அவருக்குப் பின்னால் இரண்டு படி அகலத்துக்கு விழும். அதில் முதலில் பாட்டியின் கால், அது விலகியதும் என் கால், பிறகு மற்றவர்கள். அவர் கால்களுக்குமுன் மட்டும் இருட்டு. படி முடிந்து சமதரை வந்தால் "சமம்" என்பார்; மறுபடி தொடங்கினால் "படி". மோகாள்ள மெட்டில் ஏற்றம் நெட்டுக்குத்தாக நிமிர்ந்தபோது பாட்டி, "உங்களுக்குக் கொஞ்சம் காட்டிக்கக் கூடாதா?" என்றாள். "எனக்குத் தெரியும், நீ பாத்து வா" என்றார்.

தெரியும் என்பது எப்படி? இதற்கு வட்டாரச் சான்று ஒன்று உண்டு. காளத்தியில் கண்ணப்பர் தம் இரண்டாம் கண்ணையும் பெயர்க்குமுன், கண் போனபின் இடம் தெரிய வேண்டுமே என்று ஈசன் கண்ணின்மேல் காலை ஊன்றிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கால் பார்த்துக்கொள்ளும் என்ற கோட்பாடு இந்த வட்டாரத்தில்தான் நிறுவப்பட்டது.

இம்முறைக்கு மருத்துவ நியாயமும் உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிகம் பறிகொடுத்த மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. கண்ணாடி விரியன் தூரத்து மரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, காலடியில் கிடக்கிறது. 'அடி'ப்பதைவிடக் 'காட்டு'வது உயிர் காக்கும் என்பது இதனால் பெறப்படும்.

6. வீழ்ச்சி

2003-இல் நோக்கியா 1100 தலையில் ஒரு சின்ன டார்ச்சோடு வந்தது. தடாவில் நிப்போ கட்டை செய்யும் ஆலை இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஸ்ரீசிட்டியில், 2015 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி செல்போன்கள் தயாராயின. கட்டையும் அதன் எமனும் ஒரே நெடுஞ்சாலையில், இன்று ஒரே மாவட்டத்தில். நீல எல்.ஈ.டி.யைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த வெள்ளை வெளிச்சம் இரண்டு கட்டையில் பழைய ஐந்து கட்டையைத் தோற்கடித்தது. மஞ்சளும் செம்மையும் வழக்கொழிந்தன.

அடுத்தது நெற்றி லைட்டு. விடியுமுன் மல்லிகை பறிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். இரண்டு கையும் பூவுக்கு. ஆனால் அணிந்தவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே மட்டும் வெளிச்சம். நலம் விசாரிக்கத் திரும்பினால் நம் கண் அவிந்துவிடும். நெற்றிக்கண் திறந்தபோது எதிரே நின்ற மன்மதன் கதி அனைவரும் அறிந்ததே.

செல்போன் லைட்டோ ஆளுக்கொன்று. ஆறு பேருக்கு ஆறு வட்டம். யாரும் யாருக்கும் காட்டத் தேவையில்லை. பிறவினை வழக்கிழந்து தன்வினை மட்டும் எஞ்சியது.

7. சோதனையும் முடிவும்

கருதுகோளைச் சோதிக்கும் வாய்ப்பு சென்ற கார்த்திகை மழையில் அமைந்தது. கடைசி பஸ்ஸில் இறங்கினோம். நான், மனைவி, பேரன். ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. மனைவியின் செல்போனிலும் என்னுடையதிலும் சார்ஜ் இல்லை. பேரன் தன் செல்போனைத் தன் காலுக்கே காட்டிக்கொண்டு நடந்தான். அதை வாங்கிக்கொண்டு முன்னால் போனேன். கையை இடுப்புக்குப் பின்னால் வளைத்து, தாத்தா பிடித்த மாதிரியே புறங்காட்டினேன்.

கண்டறியப்பட்டவை: செல்போன் இம்முறைக்கு ஏற்ற வடிவம் அன்று. பிடித்தால் உள்ளங்கை லைட்டை மறைக்கிறது. மறைக்காமல் பிடித்தால் திரை இடுப்பில் உரசுகிறது. உரசியதில் என் மச்சானுக்கு இரண்டு முறை கால் போனது. ஆனால் வட்டம் பின்னால் சரியாக விழுந்தது. "சமம்" என்றேன். "பள்ளம்" என்றேன். பின்னால் வந்த இருவரும் சேறுகூடப் படாமல் வீடு சேர்ந்தார்கள். என் முன்னால் இருந்த வாசற்கல்லை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிரிவு 2-இல் தொடர்பற்றது என்று எழுதிய வரியை இத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மறுநாள் பேரன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நகத்துக்கு என்னாச்சு?"

எங்கள் தெருவில் காளை இல்லாமல் போய் முப்பது வருஷம் ஆகிறது.

"காளை மிதிச்சிடுச்சு" என்றேன்.