டெல்லி வரை வந்த சம்பந்தம்

கே: ஒரகடத்தில் ஜெர்மன் கம்பெனி லாரித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அந்த நாட்டில் முன்பு ஊருக்கு ஓர் இளவரசர் இருந்தாராமே! அவர்களில் யாருக்காவது நம்மோடு சம்பந்தம் உண்டா?
– வாசகர், வல்லக்கோட்டை

ப: உண்டு. டெல்லி வரைக்கும் வந்த சம்பந்தம்!

ஹெஸ்ஸே என்ற குட்டி ராஜ்யத்தின் இளவரசர் அலெக்ஸாண்டர். தங்கையை ரஷ்யப் பட்டத்து இளவரசருக்குக் கொடுத்திருந்தார்கள். போன இடத்தில், தங்கையின் அரண்மனைத் தோழி ஜூலியா மீது இவருக்குக் காதல். தளபதி மகள்தான், ஆனால் ராஜ வம்சம் இல்லையே! 1851இல் கல்யாணம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஹெஸ்ஸே பட்டத்தில் உரிமை இல்லை என்றாகிவிட்டது. ஆறுதலாகக் கிடைத்த பெயர் பேட்டன்பெர்க்.

மூத்த மகன் லூயிஸ் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவிக்கே உயர்ந்தார். 1914இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் ஜெர்மன் வம்சாவளியே குற்றமாகி, பதவி போனது. 1917இல் குடும்பப் பெயரை மவுன்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டார். அவருடைய இளைய மகன்தான் நம் கடைசி வைஸ்ராய்!

நம் புதுக்கோட்டை ராஜ குடும்பத்திலும் இப்படி ஒரு கல்யாணம் நடந்தது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. மகன் சிட்னிக்கு வாரிசுரிமையும் தரவில்லை. ஜூலியாவின் பிள்ளை ஒருவருக்குத் தன் கடைக்குட்டி மகளையே கொடுத்தவர் விக்டோரியா மகாராணி. அதே கிரீடம்தான் மாலியின் பிள்ளைக்குக் கதவைச் சாத்தியது. இந்த ஓரவஞ்சனையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ராஜா 1928இல் பாரிஸில் இறந்தார். பட்டம், சிறுவனாக இருந்த ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது.