பிணத்தின் மாமன்: பாடசாலை இசைநாடக அவையோர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வரையறுத்த காலந்தொட்டு நடிகனையும் நாடகத்தையும் ஆராய்ந்த பண்டிதர் பலர் உளராயினும், மேடையேறிய சிறுவனின் மாமனை ஆராய்ந்தார் ஒருவரும் இலர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துக்களை அரங்கேற்றி மரபுக்குப் புத்துயிர் அளித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனும் இவ்விஷயத்தைத் தீண்டாது விடுத்தமையின், அக்குறையை நிவர்த்தி செய்ய யாம் துணிந்தனம்.

ஆராய்ச்சிக்களம், கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் செல்லும் வீதியிலுள்ள கலகெதரவில் ஒரு பாடசாலை மண்டபம். 1803இல் ஜெனரல் மக்டவலின் ஆங்கிலச் சேனை கலகெதரக் காவலரணைக் கைப்பற்றியது சரித்திரம். கைக்குட்டை, குடை, தண்ணீர்ப் போத்தல் ஆகிய ஆயுதங்களால் எம் மாமி ஒருவர் முன்வரிசை முழுவதையும் கைப்பற்றியதோ சரித்திரம் ஏறாத பராக்கிரமம்.

நாடகம், நடிகமணி வி. வி. வைரமுத்து ஈழத்து ஊர்தோறும் பாடி மக்களை உருக வைத்த அரிச்சந்திர மயான காண்டம். எம் மருமகனுக்கு வாய்த்த பாகம் லோகிதாசன். அதிலும், அரவு தீண்டி மாண்டபின் உள்ள லோகிதாசன். சந்திரமதி ஆர்மோனியத்தோடு போட்டியிட்டுப் புலம்புங்கால், பிணத்தின் மூக்கு நுனியில் நுளம்பொன்று வந்து அமர்ந்தது. மூக்குச் சுருங்கிற்று, கால் பெருவிரல் மெல்ல நெளிந்தது, கை மட்டும் எழவில்லை. மண்டபமெல்லாம் தாயின் துயர்க்குக் கண்ணீர் உகுக்க, எம் வரிசையோ நுளம்பையே நோக்கி மூச்சடக்கியிருந்தது. அது பறந்ததுதான் தாமதம், பிணத்தைப் பெற்றவள் என் தோளைத் தட்டி, “பாத்தீங்களா அண்ணா, புள்ள அசையவே இல்ல!” என்று பூரித்தாள்.

இதனாற் பெறப்படும் சித்தாந்தம் யாதெனின், அவையோர்க்கு அழுகை பிறக்குமிடத்து உறவினர்க்கு அச்சமும், அச்சம் நீங்கியவழிப் பெருமிதமும், அதன்பின் எவராலும் அடக்கவொண்ணா உவகையும் பிறக்கும் என்பதாம். அற்றேல், உறவினர் நாடகமே பார்த்திலரே எனின், அற்றன்று. அவர் பார்த்தது வேறொரு நாடகம். மெய்யின் பொருட்டு மயானத்தில் வெந்து நொந்தவன் அரிச்சந்திரன். தான் செத்தான் என்னும் பொய்யின் பொருட்டு நுளம்புக்கடி பொறுத்தவன் எம் மருமகன். இவ்விருவருள் எவன் பெரியன் என்பதை நடுநிலையாளர் தீர்ப்பாராக. மாமன் முறையாதலின், அத்தகுதி எமக்கில்லை.