லேசான ஜலதோஷம்

ஜலதோஷம் ஏன் பெரும்பாலும் லேசாகவே வந்துபோகிறது என்று ஒரு கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொண்டேன். ‘மூணே நாள் சார்’ என்று பீற்றிக்கொண்ட மறுநாள் காலையே முதல் தும்மல்.

உடனே நான் இறங்கியது ஆராய்ச்சியில் அல்ல, பஞ்சாயத்தில். முந்தின நாள் மகள் வாங்கிவந்த குச்சி ஐஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். பிறகு போர்வைக்குள் புகுந்து படிக்க உட்கார்ந்தால், வந்து நிற்கிறது இங்கிலாந்தின் சால்ஸ்பரி.

1946 முதல் அங்கே ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. தங்க வருபவர்களுக்குச் சாப்பாடு இலவசம், மூக்கில் விடும் வைரஸ் சொட்டும் இலவசம். நிலையத்தின் ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, துவட்ட விடாமல், காற்று வீசும் நடையில் அரைமணி நேரம் நிற்கவைத்தார். அப்புறம் ஈரச் சாக்ஸ் வேறு. வைரஸ் இல்லாமல் வெறும் குளிரை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுக்கு ஜலதோஷமே வரவில்லை. நியாயமாக மகளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மப்ளரை இறுக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன்.

அங்கே கைக்குட்டைகளையும் எண்ணுவார்களாம். நானும் எண்ணினேன். பதினொன்று வரை கணக்கு இருந்தது. பிறகு துண்டுக்கு மாறியதில் விட்டுப்போயிற்று.

எனக்கு வந்தது ஜலதோஷ வைரஸ்களில் ஒன்றான ரைனோ வைரஸ் என்று நானே முடிவுகட்டினேன். 160-க்கு மேல் வகைகள் இருக்க, சாதாரண ஒன்று என் மூக்குக்கு வராதா? 1960-இல் டேவிட் டிரெல் குழுவினர் அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது 33 டிகிரியில், அதாவது மூக்கின் குளிர்ச்சியில். நெஞ்சுக்குள் இருக்கும் 37 டிகிரியில் அதற்கு அவ்வளவு தோதில்லை. அந்தச் சூட்டில் செல்களின் எதிர்ப்பும் வேகமெடுக்கிறது என்று 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தார் எலிகளின் செல்களில் கண்டார்கள். ஆஸ்துமாக்காரர்களை அது படுத்தும், அது வேறு கதை. மற்றபடி ஃப்ளூ மாதிரி சளிச்சவ்வைச் சூறையாடுவதில்லை. ஒழுகலும் அடைப்பும் பெரும்பாலும் நம் உடம்பே போடும் கூச்சல். கூச்சல் போடுவது எங்கள் குடும்ப வழக்கம்தான்.

‘வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது’ என்று அழுத்தம் திருத்தமாக எழுதிவிட்டு, இழுப்பறையில் போன வருஷத்து அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையில் ஒன்றை விழுங்கினேன்.

ஆளைப் படுக்கையில் தள்ளாத வைரஸ்தான் ஊரெல்லாம் பரவும் என்று ஒரு வாதம் உண்டு. அதைக் குறித்துக்கொண்டு, கடமை தவறாமல் ஆபீசுக்குப் போனேன். ‘லீவு போட்டிருக்கலாமே சார்’ என்றார் பக்கத்து மேசை அக்கவுண்டன்ட். ‘சேச்சே, லேசான ஜலதோஷம்தான்’ என்று கை குலுக்கினேன். வெள்ளிக்கிழமை அவர் நாற்காலி காலி.

கட்டுரை இரண்டு வாரம் தாமதம். உடம்பு சரியில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன்.

‘அடடா, என்ன உடம்புக்கு?’ என்றார்.