குனிவதா, நிமிர்வதா?

புறமுதுகு காட்டுவதைப் பேரிழுக்காகக் கருதிய மரபில் வந்த தமிழர், இடுப்பில் பிடிப்பு ஏற்பட்ட மறுகணமே, மருத்துவருக்கு மட்டுமன்றி எதிர்வீட்டுக்காரருக்கும், தைலக் கிண்ணத்துடன் வந்து நிற்கும் உறவினருக்கும் தயக்கமின்றி முதுகைக் காட்டத் தொடங்கிவிடுவது ஆய்வுக்குரிய செய்தியாகும். அம்முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகளும் அவற்றினிடையே 23 வட்டுகளும் உள்ளன. வட்டு என்பது உறுதியான நார் வளையத்துக்குள் கூழ் போன்ற பொருளை அடக்கிய சிறு மெத்தை. வளையம் நைந்து, கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பை உறுத்துவதையே மக்கள் 'ஜவ்வு விலகிவிட்டது' என்கின்றனர். உண்மையில் எதுவும் விலகுவதில்லை, பிதுங்கவே செய்கிறது. எனினும் விலகலில் உள்ள கௌரவம் பிதுங்கலில் இல்லாமையால் முன்னதே வழக்கில் நிலைத்துவிட்டது.

கத்தி வைக்காமல் இத்துன்பத்தைத் தீர்க்க முனைந்தோரின் வரலாறு, ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக அடுத்தவர் சொல்லிச் சென்ற வரலாறாகும். மனிதர் நிமிர்ந்து நடக்கத் துணிந்ததற்குக் கொடுக்கும் விலையே முதுகுவலி என்று கருதிய டல்லாஸ் நகரத்து எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ், மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பது போன்ற முன்வளைவுப் பயிற்சிகளை 1937இல் முன்வைத்தார். நோயாளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குனிந்து பழகிய பின், 1956இல், நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையில் குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் சில நிமிடங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்து, கால்வலி நீங்கியவராக எழுந்ததாக மெக்கென்சியே பின்னர் பதிவு செய்துள்ளார். பின்வளைவுப் பயிற்சிமுறை இப்படித்தான் பிறந்தது. (காத்திருப்போரைக் கவனியாமல் விடுவதில் தேர்ந்த நம் ஊர் மருத்துவமனைகளில் இத்தகைய கண்டுபிடிப்புகள் எத்தனை வீணாயினவோ!) காலில் குடைந்த வலி மெல்ல மேலேறி இடுப்பில் ஒடுங்குவதை மெக்கென்சி 'மையப்படுதல்' என்றார், அந்நிலையில் இடுப்பு முன்பைவிட அதிகமாக வலித்தாலும் அது நல்ல அறிகுறியே என்பதை, முனகிக்கொண்டே விளக்கும் நோயாளியை வீட்டில் எவரும் நம்புவதில்லை.

படுக்கையும் இவ்வாறே பதவி இழந்தது. ஏழு நாள் ஓய்வைவிட இரண்டு நாள் ஓய்வு எவ்வகையிலும் குறைந்ததன்று என 1986இல் அமெரிக்க ஆய்வொன்று கூற, படுக்காமல் இயன்றவரை அன்றாட வேலைகளைப் பார்த்தவர்களே விரைந்து தேறினர் என 1995இல் பின்லாந்து ஆய்வொன்று உறுதிசெய்தது. இச்செய்தி வீட்டாருக்கு எட்டிய இடங்களிலெல்லாம் காய்கறிப் பை நோயாளியின் கைக்கே திரும்பி வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தின் மானமும் தப்பவில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994இல் வெளியான ஆய்வில், 52 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு வட்டேனும் புடைத்திருந்தது. படம் கைக்கு வராதவரையில் அவர்கள் நலமாகவே இருந்தனர்.

சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமற்போதல், அமரும் பகுதி மரத்தல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவை தோன்றினால் மட்டும் இந்த வாதங்களை மூட்டை கட்டிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; அங்கே கத்தி பகையன்று. ஏனையோரில் பலருக்கு, பிதுங்கிய கூழை உடலே சில மாதங்களில் கரைத்துச் சுருக்கிவிடுகிறது என்பதும், அக்காலத்தில் இறுதியாகத் தடவப்பட்ட தைலமே அப்புகழ் முழுவதையும் தட்டிச் சென்றுவிடுகிறது என்பதும் ஒருசேர அறியத்தக்கவை.

இக்கட்டுரையாளர், இரு மேதைகளில் எவரையும் பகைத்துக்கொள்ளும் துணிவின்றி, காலையில் டல்லாஸுக்காகக் குனிந்தும் மாலையில் வெலிங்டனுக்காக நிமிர்ந்தும் வருகிறார். கிண்ணத்துடன் வந்த உறவினரோ, இப்பொழுது கழுத்துப் பிடிப்புக்கும் அதே தைலத்தைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார்.