குவாத்தமாலா தாத்தா

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த தாத்தாக்கள் தெருவுக்கு ஒருவர் தேறுவார்கள். 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் போடிவரை வந்தது முதல் இவர்களுக்கு லீவு நாளில் ஓய்வில்லை. சென்னைப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கி, "தாத்தா, ஊர் சுத்திக் காட்டுங்க" என்பார்கள். வெயிலில் எவன் அலைவது? தாத்தா போனை எடுத்து கூகுள் எர்த்தைத் திறப்பார். ஊருக்குப் பதில் உலகம்.

உலகம் முதலில் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் தொடங்கும். "அந்தா பாரு, நம்ம தண்ணி டேங்க்!" அடுத்து பக்கத்து வீடு. அங்கே வெறும் பொட்டல். படம் எடுத்தபோது அந்த வீடு கட்டப்படவில்லை. வேலித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர் வீடு அது. "பாத்தியாடா, அவனுக்கு உலகத்துலயே எடமில்ல!" இந்த ஆனந்தத்தில் கால் மணி நேரம் போகும்.

"தாத்தா, ஈபில் டவர்!"

ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் விலை ஏற ஏறப் பட்டனைத் தட்டித் தட்டிக் காய் எடுத்த விரல் அது. ஒரு தட்டில் நிற்காது. பாரிஸுக்குக் குறி வைத்து அட்லாண்டிக் கடலில் இரண்டு முறை விழுந்து எழுந்துதான் கரை சேருவார்.

"எம்புட்டு உசரம்?"

"330 மீட்டர் தாத்தா. 1889ல கட்டுனது."

"இம்புட்டுத்தானா? மூணு டவரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனாலும் மலை மேல இருக்கிற போடிமெட்டு டீக்கடைக்கு எட்டாதேடா."

"போடிமெட்டை யாரு தாத்தா கட்டுனா?" என்பாள் பேத்தி. அதற்குப் பதில் இருக்காது. சட்டென்று வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

எங்கே கிளம்பினாலும் போய் நிற்பது குவாத்தமாலாவில்தான். உலகச் சந்தையில் ஏலக்காயை அள்ளிக் கொட்டுகிற நாடு. அங்கே விளைச்சல் பெருத்தால் அரபு நாட்டுக் காப்பிக்கு அந்தக் காய் போகும், போடியில் விலை படுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் தோட்ட முதலாளி அங்கே கொண்டுபோய் நட்ட செடி அது என்று ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிப் பல்லைக் கடிப்பார். ஜெர்மனிக்கும் போடிக்கும் சண்டை என்றே சின்னவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

குவாத்தமாலாவின் திக்கால் காட்டுக்குள் மாயர்கள் எழுப்பிய கோயில்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று 60 மீட்டருக்கு மேல் உயரம். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். தாத்தா அதைத் தள்ளிவிட்டு, ஏலம் விளைகிற ஆல்ட்டா வெராபாஸ் மலைச்சரிவைப் பெரிதாக்கிக் கண்ணை இடுக்குவார்.

"பச்சையாத்தான் இருக்கு. இந்த வருசமும் காய் ஜாஸ்திதான். விலை போச்சு!"

"இது பழைய படம் தாத்தா. பக்கத்து வீடு மாதிரியே."

"அது வேற, இது வேற" என்று எழுந்து போய் மகனுக்குப் போன் போட்டு, "இருக்கிற சரக்கைத் தள்ளிவிடுடா" என்பார். மகன் "சரிப்பா" என்பான். தள்ளமாட்டான்.

லீவு முடிந்து திரும்பும் பிள்ளைகளிடம் பிரான்ஸுக்குப் பக்கத்து நாடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். குவாத்தமாலாவுக்கு என்றால் மெக்சிகோ, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று ஒரே மூச்சில் கொட்டுவார்கள். ஆகவே, பிள்ளைகளைப் போடிக்கு அனுப்புகிறவர்கள் பாரிஸுக்கென்று தனியாக டேட்டா போட்டு அனுப்புங்கள். தாத்தாவின் டேட்டா குவாத்தமாலாவுக்கே போதவில்லை.