என் வீட்டு ஊசல்

பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு வாதாடி ஜெயித்த தகப்பன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேரில் போய்க் காலில் விழுந்துவிட்டு வருகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. போன வருஷம் வரை, "அப்பா சொன்னா கேக்கணும்" என்றால் விவகாரம் முடிந்தது. இப்போது, "சரிப்பா, ஒரு பேச்சுக்கு வெச்சுக்கலாம்..." என்று ஆரம்பிக்கிறாள். அந்த 'ஒரு பேச்சுக்கு' இருக்கிறதே, அதுதான் பதினொன்று பன்னிரண்டு வயதில் வரும் பெரிய மாற்றம் என்றார் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. கண்ணெதிரே இருப்பதை வைத்து யோசித்த பிள்ளை, இல்லாததையும் இருப்பதாக வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்குமாம்.

அவரும் பார்பெல் இன்ஹெல்டரும் பிள்ளைகளிடம் ஓர் ஊசலைக் கொடுத்தார்கள். அது வேகமாக ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதனால்? கயிற்றின் நீளமா, குண்டின் எடையா, விடுகிற உயரமா, தள்ளுகிற வேகமா? சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக் குழம்பினார்கள். பெரிய பிள்ளைகள் மற்றதைத் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, நீளம்தான் காரணம் என்று பிடித்துவிட்டார்கள்.

என் வீட்டில் ஊசல் நான்.

கணக்குப் பரீட்சையில் குறைந்த மார்க். செவ்வாய் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பேப்பரை நீட்டினாள். வீடு அதிர்ந்தது. அடுத்த பரீட்சையிலும் அதே மார்க், அதே செவ்வாய், அதே பஸ். ஆனால் இந்த முறை நான் காபி டம்ளரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா கண்ணு" என்று கையெழுத்துப் போட்டேன். சமையலறையில் அறிக்கை தாக்கலானது: "மார்க் காரணமே இல்லம்மா. காபிதான்."

"இதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமாடி?" என்றாள் என் மனைவி.

மூளைக்குள்ளும் வேலை நடக்கிறது. அமெரிக்காவில் ஜே கீட் குழுவினர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1999-ல் எழுதினார்கள்: மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல் பொருள் பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது. முருங்கையைக் கவாத்து பண்ணுகிற மாதிரி, பயன்படாத இணைப்புகளை மூளை வெட்டித் தள்ளுவது அதற்கொரு காரணம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் வெட்டுப்பட்ட கிளை, கூப்பிட்டவுடன் வருவது.

என்னை இவ்வளவு துல்லியமாக ஆராய்ந்த அதே புத்தி, மூக்கில் ஒரு பரு வந்தால் ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று நம்புகிறது. என் மொபெட் பள்ளி வாசலில் நிற்கக் கூடாது. முந்தின தெருவிலேயே இறக்கிவிட வேண்டும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்துவிட்டார். அவரையும் யாரோ முந்தின தெருவில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

பொறுமைக்கும் நிதானத்துக்கும் பொறுப்பான நெற்றிப்புற மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுமாம். எனக்கெல்லாம் எப்போதோ முதிர்ந்துவிட்டது. காபி வரும்வரை வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பிள்ளை காபியோடு வந்தால், பேப்பர் எங்கே என்று முதலில் கேளுங்கள்.